எட்டு மாத மேஸ்திரி

உழைத்த காசைக் கேட்கப் போன இடத்தில் வீரபாகுவுக்கு ஒரு பல் போனது. மேல்வரிசையில் முன்பல். சீனிவாசனின் தறிக்கூடத்து வாசலில், பட்டப்பகலில், உள்ளே இருபத்திரண்டு தறிகளும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. ஒரு தறிகூட நிற்கவில்லை. எட்டு மாதம் அந்த இருபத்திரண்டு தறிக்கும் மேஸ்திரியாக இருந்தவன் மண்ணில் தவழ்ந்து தன் பல்லைத் தேடுகிறான். உள்ளே ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டைகளின் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நெய்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களில் பாதிப் பேரை இவனே அறைந்திருக்கிறான்.

பழைய மேஸ்திரி தணிகாசலம் போன ஆவணியில் வாலாஜாபாத் ரோட்டில் வண்டியோடு விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மறுநாள் காலையே முதலாளி சீனிவாசன், வீரபாகுவைத் தறியிலிருந்து எழுப்பித் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தணிகாசலம் எந்திரிச்சு வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோப்பா. மேஸ்திரி படி மாசம் ஏழாயிரம் தனியா. கையில குடுத்தா செலவாயிடும். உன் முன்பணத்துல கழிச்சிக்கினு வரேன், இன்னா?"

வீரபாகுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்குச் சீனிவாசனிடம் வாங்கிய முன்பணம் ஐம்பத்தைந்தாயிரம் ஆறு வருடமாக அப்படியே நின்றது. அது நிற்கும்வரை அவன் வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலி போதவில்லை என்று வாயைத் திறக்க முடியாது, காய்ச்சல் என்று இரண்டு நாள் படுக்கக்கூட முடியாது. எட்டு மாதம் மேஸ்திரியாக இருந்தால் அது கழிந்துவிடும். அப்புறம் வீட்டிலேயே சொந்தத் தறி. தானும் மனைவி காயத்ரியும் எதிரெதிரே உட்கார்ந்து தங்களுக்கென்று நெய்துகொள்ளலாம். அவனுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"எழுதி வாங்கினியா?" என்று கேட்டாள் காயத்ரி.

"இன்னாமா நீ. மொதலாளியே கத்தரியக் குடுத்துட்டாரு, அப்புறம் இன்னா எழுத்து?"

அந்தக் கத்தரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீனிவாசனின் கூடத்தில் நெய்கிறவன் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், கத்தரி வைக்கக் கூடாது. எத்தனை வருடம் நெய்தவனானாலும் சரி. சேலை முடிந்ததும் மேஸ்திரி வருவான், பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், இடுப்பில் செருகியிருக்கும் கத்தரியை எடுத்து அறுத்துக் கொடுப்பான். நெய்கிறவன் கையில் கத்தரி இருந்தால் ஒரு சாண் பட்டும் நாலு முழம் ஜரிகையும் காணாமல் போகும் என்று சீனிவாசனின் அப்பா காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. சந்தேகத்தில் பிறந்தது நாளடைவில் பக்தியாகிவிட்டது. கத்தரி யார் இடுப்பிலோ அவன் மேஸ்திரி. அவ்வளவுதான், வேறு பட்டாபிஷேகம் கிடையாது.

முருகனின் படைத்தலைவன் பெயரைப் பெற்றோர் ஆசையாக வைத்தார்கள். மகன் சீனிவாசனின் படைத்தலைவன் ஆனான். கத்தரி இடுப்பில் ஏறிய முதல் வாரம் தணிந்துதான் பேசினான். இரண்டாவது வாரம் குரல் ஏறியது. இரண்டாவது மாதத்தில் கை ஏறியது. சேலைக் கரையில் ஒரு இழை விட்டுப் போனதற்காகக் குமரன் என்கிற இளைஞனைத் தறியிலிருந்து எழுப்பி எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். குமரனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீனிவாசன் தன் அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீரபாகுவுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். அந்த டீ அவனைக் கெடுத்தது.

தை மாதம் சிவராஜ் விவகாரம் வந்தது. திருப்புட்குழியில் தன் வீட்டிலேயே தறி போட்டு, சீனிவாசனின் பாவை நெய்து கொடுப்பவன் சிவராஜ். நாற்பதாயிரம் முன்பணம் வாங்கியிருந்தான். இரண்டு மாதமாக ஒரு சேலை வரவில்லை. வேறு முதலாளி பாவை ஏற்றி நெய்கிறான் என்று யாரோ சீனிவாசன் காதில் போட்டார்கள்.

"போய்ப் பேசிட்டு வாப்பா," என்றார் சீனிவாசன். "பேசறதுன்னா தெரியுமில்ல? தர்மனையும் இட்டுக்கினு போ."

தர்மன் கூடத்தில் மூட்டை தூக்குகிறவன். ஆள் வாட்டசாட்டம், வாயில் பேச்சு கிடையாது. இருவரும் லோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது சிவராஜ் தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தான். வீரபாகு வாசலில் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்துக் குழியிலிருந்து இழுத்தான். மிதிக்கட்டையில் கால் மாட்டிச் சிவராஜின் முழங்கால் தோல் உரிந்தது.

"யாரு பாவுடா இது?" என்று ஒரு அறை. பதில் வருமுன் இன்னொன்று.

சிவராஜ் ஒல்லி. ஆனால் வாய் ஒல்லியில்லை. உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "போன வருசம் வரைக்கும் நீயும் என்னாட்டம் குழியில ஒக்காந்தவன்தானே? இன்னிக்கு நாய் வேலைக்கு வந்துட்டியா?"

அந்த வார்த்தை நேராகப் போய்க் குத்தியது, உண்மை என்பதால். வீரபாகு தறியோரம் கிடந்த மரக்கம்பை எடுத்தான். யாரும் சொல்லாமலேயே தர்மன் சிவராஜின் வலது கையைப் பிடித்துத் தறிக்கட்டையின் மேல் நீட்டி வைத்தான். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது, சிவராஜ் கத்தினான். இரண்டாவது அடி அதே இடத்தில். உள்ளே எலும்பு விட்டுக்கொடுத்தது வீரபாகுவின் உள்ளங்கைவரை தெரிந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அதையும் அடித்தான். அடிக்கும்போது அவனுக்கு நன்றாக இருந்தது. இதை மறைத்துச் சொன்னால் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன்? ஆறு வருடமாக யாரிடமும் காட்ட முடியாத கோபம் எல்லாம் ஒரு ஒல்லி மனிதனின் கையில் போய் இறங்கியது.

அதோடு திரும்பியிருந்தால் இன்னொரு கதை. இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தான். சிவராஜின் மனைவி இந்திராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள், புருஷன் கை தொங்குவதைப் பார்த்து வாயடைத்து நின்றாள். கத்தரி பாவை நோக்கிப் போனபோதுதான் அலறினாள்.

"அடப்பாவி, ஓடற பாவுல வைக்காதடா!"

வைத்தான். பாதி நெய்த அரக்குச் சேலைக்குக் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். இழுத்துக் கட்டியிருந்த பாவு படீரென்று இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தது. சேலை முடியாமல் பாவை அறுப்பது அந்தத் தொழிலில் எவனும் செய்யாதது. சாவு விழுந்த வீட்டில்கூடத் தறியில் இருக்கும் சேலையை முடித்துவிட்டுத்தான் கத்தரி வைப்பார்கள். இந்திராணி அறுபட்ட நுனிகளை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தெரிந்தது: அது சீனிவாசனின் பாவேதான். சிவராஜுக்கு இரண்டு மாதமாக மூட்டுவலிக் காய்ச்சல். அன்றைக்குத்தான் எழுந்து தறியில் உட்கார்ந்திருக்கிறான்.

சீனிவாசனுக்குக் கை உடைந்ததில் வருத்தமில்லை. "கை போனா போவுது. என் பாவ ஏன்டா அறுத்தே? அரைச் சேலைய யாருக்கு விக்கறது?" என்று அரைமணி நேரம் கத்தினார். இந்திராணி ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். சீனிவாசன் யார் யாரையோ பார்த்தார். குடித்துவிட்டு இரண்டு தறிக்காரர்கள் போட்ட சண்டை என்று அது முடிந்தது. வீரபாகு அதற்காக முதலாளிக்கு நன்றி சொன்னான். காயத்ரி மட்டும் இரண்டு மாதம் அவனுக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுக்கவில்லை.

சித்திரையில் தணிகாசலம் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை காலை வீரபாகு கத்தரியை மேசை மேல் வைத்துவிட்டு, "எட்டு மாசம் ஆயிட்டுது மொதலாளி. முன்பணம் கழிஞ்சு ஆயிரம் மேல வருது. அத இட்லி மாவுக்கு வச்சிக்கறேன்," என்று சிரித்தான்.

"இன்னா கழிஞ்சுது?" என்றார் சீனிவாசன்.

"மேஸ்திரி படி."

"நீ எப்பப்பா மேஸ்திரியா இருந்தே? தணிகாசலம் இல்லாதப்போ கூடமாட ஒத்தாசை பண்ணே. ரிஜிஸ்டர்ல தறிக்காரன்னுதான் இருக்குது, போய்ப் பாரு. அறுத்த பாவுக்கு உன்கிட்ட நான் துட்டு கேக்காம இருக்கேன் பாரு, அத நெனச்சு சந்தோஷப்படு."

வீரபாகு பாய்ந்தான். மேசையைத் தாண்டி முதலாளியின் சட்டையைப் பிடித்தான். இரண்டு பொத்தான் தெறித்தது. அவ்வளவுதான் அவனால் முடிந்தது. பின்னாலிருந்து தர்மனும் இன்னொரு மூட்டைக்காரனும் அவனைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவன் அவன் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். தர்மன் வயிற்றில் இரண்டு குத்து விட்டு, மூன்றாவதை வாயில் விட்டான். திருப்புட்குழியில் சிவராஜின் கையை நீட்டிப் பிடித்த அதே கை.

"தப்பா நெனச்சிக்காதண்ணா," என்றான் தர்மன். சொல்லிவிட்டு விலாவில் ஒரு உதை விட்டான்.

வீட்டில் காயத்ரி உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். "திருப்புட்குழிக்காரன் எலும்ப நீ ஒடச்சே. உன் பல்ல இவங்க ஒடச்சாங்க. நல்லா நடக்குது மேஸ்திரி உத்தியோகம்," என்றாள். ஆனால் மறுநாள் அவளே அவனை ஒலிமுகமதுபேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜரிகை வியாபாரி ஷரீஃப்பின் மகள் நஸ்னீன் அங்கே வக்கீலாக இருந்தாள். காயத்ரிக்குக் கடைப் பழக்கம்.

நஸ்னீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இரண்டே கேள்வி கேட்டாள்.

"தொழிலாளர் ஆபீஸ்ல மனு போடலாம். வாய்ப்பேச்சு அங்க நிக்காதுண்ணா. ஏதாவது ஒரு தாள்ல, உங்க பேருக்குப் பக்கத்துல மேஸ்திரின்னு இருக்குதா? சீட்டு, ரசீது, எது வேணாலும் பரவால்ல. கூடத்துக்காரங்க யாராச்சும் சாட்சி சொல்வாங்களா?"

கூடத்துக்காரர்கள் சாட்சி சொல்வார்களாம். அவன் அறைந்த அறைக்கு அவர்கள் எதிர்சாட்சி சொல்லாமல் இருந்தாலே பெரிது. வீரபாகு யோசித்து யோசித்துப் பார்த்தான். கூலிச் சீட்டில் இல்லை. ரிஜிஸ்டரில் இல்லை. திடீரென்று நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு தாளில் இருந்தது. இந்திராணி ஸ்டேஷனில் கொடுத்த புகாரில். அதில் அவள் சொன்ன முதல் வரியை ஏட்டு உரக்கப் படித்ததை அவனே காதால் கேட்டிருக்கிறான்: 'சீனிவாசன் தறிக்கூடத்து மேஸ்திரி வீரபாகு என்பவர்.' உலகத்தில் அவனை மேஸ்திரி என்று எழுதிவைத்த ஒரே ஆள், அவன் யார் கையை உடைத்தானோ அந்த மனிதனின் பெண்டாட்டி.

திருப்புட்குழிக்குத் தனியாகத்தான் போனான். வாசலில் நின்று, "யம்மா, நான் வீரபாகு," என்று சொல்லி முடிப்பதற்குள் இந்திராணி கையில் கிடைத்த நாடாக் கட்டையால் அவன் நெற்றியில் அடித்தாள். நாடாவின் இரும்பு முனை புருவத்துக்கு மேலே பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொரு அடி காதோரம். மூன்றாவது தோளில். வீரபாகு கையை உயர்த்தவில்லை. உயர்த்தக் கூடாது என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். அவளுக்கு மூச்சு வாங்கியபோதுதான், தொழிலாளர் ஆபீசில் காட்டப் புகார் நகல் வேண்டும் என்று வந்த காரியத்தைச் சொன்னான்.

மூலையில் உட்கார்ந்திருந்த சிவராஜ் சிரிக்க ஆரம்பித்தான். அவன் வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்து சேர்ந்திருந்தது. அதில் நாடாவைத் தள்ளும் கயிற்றை இழுக்க வலுவில்லை. தறிக்குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். மேலே கூலிக்கு உரித்த வெங்காயக் கூடை இருந்தது.

"பாத்தியாம்மா? அடிச்சவன் அடி வாங்கினவன்கிட்ட ரசீது கேட்டு வந்துகிறான்!"

இந்திராணி சிரிக்கவில்லை. "எவ்ளோ வரும் உனக்கு?"

"அம்பத்தாறாயிரம். கையில வராதும்மா. முன்பணம் அடையும். நான் வெளிய வந்துடுவேன்."

"இவுரு கையப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா இப்ப? அறுத்துப் போட்டியே பாவு, அதப் பத்தி? மொதலாளி அந்தப் பாவு வெலையையும் எங்க தலையில எழுதிட்டான், தெரியுமா உனக்கு?"

தெரியாது. வீரபாகுவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். அவன் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்: "தப்பு பண்ணிட்டேம்மா."

"தப்பா? அது உன் வீட்டுக்குள்ள சொல்லிக்கோ. காயிதம் தரேன். ஆனா அந்த ஆபீசர் எதுக்க நீ வாயத் தொறந்து முழுசா சொல்லணும். கைய ஒடச்சது நான். பாவ அறுத்தது நான். அனுப்புனது சீனிவாசன். சும்மா மேஸ்திரியா இருந்தேன்னு பாதிய சொல்லிட்டு துட்ட வாங்கிக்கினு போவக் கூடாது. எங்க புகார குடிகாரன் சண்டைன்னு மூடிட்டாங்க. அத நீதான் தொறக்கணும்."

இதை நஸ்னீனிடம் சொன்னபோது அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணா, அப்படிச் சொன்னா படி கிடைக்கலாம். ஆனா உள்ள போவீங்க. ரெண்டும் ஒரே வாக்குமூலம்தான், பிரிக்க முடியாது. யோசிச்சிக்கோங்க."

வீரபாகு மூன்று நாள் யோசித்தான். மேஸ்திரியாக இருந்தேன் என்றால் அடித்தவன் நான். அடிக்கவில்லை என்றால் மேஸ்திரியும் இல்லை, படியும் இல்லை, சாகும்வரை சீனிவாசனின் குழிதான். நாலாம் நாள் காயத்ரி, "செஞ்சதுதானே? சொல்லு," என்றாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி தெற்கத்திக்காரர். பட்டு என்றால் கல்யாணத்தில் கட்டுவது என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். சீனிவாசன் வெள்ளை வேட்டியில் ரிஜிஸ்டரோடு வந்திருந்தார். சாட்சிக்குத் தணிகாசலத்தை அழைத்து வந்திருந்தார். எதிரே வீரபாகு, நஸ்னீன், இந்திராணி, சிவராஜ்.

வீரபாகு சொன்னான். முழுசாகச் சொன்னான். மூன்றாவது அடி தேவையில்லாமல் அடித்ததைக்கூடச் சொன்னான்.  

சீனிவாசன் புன்னகைத்தார். "பாத்தீங்களா சார்? அவன் வாயாலயே சொல்லிட்டான். ரவுடிப் பய. நான் அனுப்பல. தறிக்காரன் குடிச்சிட்டுப் போய் அடிச்சதுக்கு நான் இன்னா பண்றது?"

அதிகாரி புகார் நகலைத் திருப்பிப் பார்த்தார். "இதிலே மேஸ்திரின்னு எழுதினது இந்தம்மா. நிர்வாகம் எழுதினது இல்லையே. இது மட்டும் போதாதும்மா," என்று நஸ்னீனிடம் சொன்னார்.

அப்போது சிவராஜ் எழுந்தான். அதிகாரியைப் பார்க்கவில்லை. சீனிவாசனைப் பார்த்தான்.

"பாவ அறுத்தான் மொதலாளி. ஓடற பாவு. அரக்குச் சேலை, பாதி கூட ஆவல. உன் கூடத்துல தறிக்காரன் கையில கத்தரி எப்படி வந்துச்சு?"

மனிதனின் கையைப் பற்றிக் கேட்டிருந்தால் சீனிவாசன் நிதானமாகவே பதில் சொல்லியிருப்பார். பாவைப் பற்றிக் கேட்டுவிட்டான். அந்த அரைச் சேலை நான்கு மாதமாக அவர் அலமாரியில் கிடந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து எழுந்தார்.

"நான்தான்டா குடுத்தேன்! அந்தக் கத்தரிய இந்தத் தடியன் கையில குடுத்தேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்! எங்கப்பா காலத்துலேருந்து ஒருத்தன் அறுத்ததில்ல அப்படி!"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "கத்தரி கொடுத்தேன்னா என்ன அர்த்தம்?"

 சீனிவாசன் உட்கார்ந்தார். தணிகாசலத்தின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய் அங்கே செருகியிருந்த கத்தரியை மூடியது. அதிகாரியின் பார்வையும் அங்கே போனது.

"பெரியவரே, அது என்ன?"

தணிகாசலம் முதலாளியைப் பார்த்தார். பிறகு சிவராஜின் வளைந்த கையைப் பார்த்தார். "எங்க கூடத்துல மேஸ்திரிகிட்ட மட்டுந்தான் சார் இது இருக்கும்," என்றார். "நான் படுத்திருந்தப்போ இவன்கிட்ட இருந்துச்சு. எட்டு மாசம்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஆனியில் உத்தரவு வந்தது: மேஸ்திரி படி ஐம்பத்தாறாயிரத்தை ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே வாரம் ஸ்டேஷனில் இந்திராணியின் புகார் மறுபடி திறந்தது. வீரபாகு பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். சீனிவாசன் முன்ஜாமீன் வாங்கினார், படிக்கு அப்பீலும் போட்டார். தணிகாசலத்துக்கு மறுபடி இடுப்பு வலி வந்துவிட்டதாகவும், வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டதாகவும் கூடத்தில் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நடந்தும் முன்பணம் மட்டும் சீனிவாசன் கணக்கில் குண்டுமணி குறையாமல் நின்றது.

ஆடி வெள்ளிக்கிழமை காலை. காயத்ரி கோயிலுக்குப் போயிருந்தாள். வீரபாகு பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அந்தச் சத்தத்தை வைத்தே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவனும் அப்படித்தான் போய் இறங்கினான்.

தர்மனும் இன்னொருவனும் முதலில் நுழைந்தார்கள். பின்னால் குமரன். கையில் இரும்புக் குழாய், இடுப்பில் கத்தரி.

"முன்பணத்த பத்திப் பேசலாமா?" என்றான் குமரன். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது போல, கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

வீரபாகு இந்த முறை சும்மா நிற்கவில்லை. திருப்புட்குழியில் போல இங்கேயும் அடி வாங்கியே தீர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தண்ணீர்ச் செம்பை வீசினான். அது குமரனின் மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. இன்னொருவனை வயிற்றில் முட்டித் தள்ளினான். தர்மன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான். குமரனின் முதல் அடி தொடையில், இரண்டாவது முதுகில். வீரபாகு விழுந்தான். விழுந்தவனை மாறி மாறி உதைத்தார்கள். கல்யாணம் நிச்சயமான மாதத்தில் வாங்கிய அறையைக் குமரன் மறக்கவில்லை. ஒவ்வொரு உதையிலும் அது இருந்தது. கடைசியில் தர்மன் அவன் வலது கையைப் பிடித்துத் துணி துவைக்கும் கல்லின் மேல் நீட்டி வைத்தான்.

"தப்பா நெனச்சிக்காதண்ணா," என்றான் தர்மன்.

குழாய் இறங்கியது. இரண்டாவது தடவையில் எலும்பு போனது. சிவராஜ் கத்தியதைப் போலவே வீரபாகுவும் கத்தினான். குமரன் மூன்றாவது தடவைக்குக் குழாயைத் தூக்கினான்.

"எவ்ளோடா சொன்னாரு?" என்றான் வீரபாகு. வலியில் பல் கிட்டித்துப்போய்ப் பேச்சு சரியாக வரவில்லை.

"இன்னா?"

"மேஸ்திரி படி. எவ்ளோ சொன்னாரு?"

குமரன் குழாயைத் தூக்கியபடியே நின்றான். "எட்டாயிரம்," என்றான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"தணிகாசலம் வர்ற வரைக்குமா? கையில தரல, முன்பணத்துல கழிச்சிக்கறேன்னு சொன்னாரா?"

 குமரனின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக் கத்தரியின் மேல் விழுந்தது.

"எழுதி வாங்கினியா?"

தர்மன் பிடியைத் தளர்த்தினான். அவன் இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று மூன்று பேரில் நன்றாகத் தெரிந்தவன்.

வீரபாகு உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "போடா. நான் இன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போவேன். உன் பேருக்குப் பக்கத்துல மேஸ்திரின்னு பெருசா எழுதச் சொல்றேன். நகல் என்கிட்டயே இருக்கும். உனக்கு வேணுங்கறப்போ வந்து வாங்கிக்கோ."

குமரன் தர்மனைப் பார்த்தான். தர்மன் தரையைப் பார்த்தான். மூன்று பேரும் வாசலுக்குப் போனார்கள். ஆட்டோவைக் கிளப்பும் சத்தம் கேட்டது. கிளம்பவில்லை. குமரன் மட்டும் திரும்பி வந்தான். குழாயை எங்கேயோ போட்டுவிட்டு வெறும் கையோடு வந்திருந்தான். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"குமரன்னு மட்டும் எழுதினா பத்தாதுண்ணா. அப்பா பேரு முருகேசன். அதையும் சேத்து எழுதச் சொல்லு."